பள்ளிகள் மூடியபோது எடை ஏறியது எப்படி?

2020 மார்ச்சில் இத்தாலி முழுவதும் ஊரடங்கு வந்தது. உடல் பருமன் உள்ள பிள்ளைகளை வெரோனா நகரில் ஒரு குழு ஏற்கெனவே ஆய்வு செய்துவந்தது. ஊரடங்கின் மூன்றாவது வாரத்தில் அவர்களில் 41 பேரின் அன்றாடப் பழக்கங்களை அக்குழு மறுபடி விசாரித்து, 2019-ல் எடுத்த பதிவுகளுடன் ஒப்பிட்டது. தினமும் ஒரு வேளை சாப்பாடு கூடியிருந்தது. திரை முன் உட்காரும் நேரம் நாளுக்கு ஏறக்குறைய 5 மணி நேரம் ஏறியிருந்தது. விளையாட்டு வாரத்துக்கு 2 மணி நேரத்துக்கு மேல் குறைந்திருந்தது. சிப்ஸ், இனிப்புப் பானம் எல்லாம் கூடின. காய்கறி மட்டும் பழைய அளவிலேயே நின்றது.

இத்தனைக்கும் மூன்றே வாரம்!

அமெரிக்காவில் 4,32,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அலசியது. சரியான எடையில் இருந்தவர்களுக்கு, பெருந்தொற்றுக்கு முன்பிருந்த ஆண்டு எடையேற்றம் சுமார் 1.5 கிலோவிலிருந்து 2.4 கிலோ ஆனது. கடுமையான பருமன் இருந்தவர்களுக்கோ 4 கிலோவிலிருந்து 6.6 கிலோ. ஏற்கெனவே சுமப்பவர்கள் மேல்தான் சுமை அதிகம் ஏறியது.

பிள்ளைக்குக் கட்டுப்பாடு இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். அது அநியாயம். பள்ளி நாளில் எப்போது எழுவது, எப்போது சாப்பிடுவது, எப்போது ஓடியாடுவது என்பதையெல்லாம் மணி அடித்தே முடிவுசெய்துவிடுகிறார்கள். வகுப்பு நடக்கும்போது சமையலறைப் பக்கம் போகவே முடியாது. கொரோனாவுக்கு முன்பே, சுமார் 18,000 அமெரிக்கக் குழந்தைகளை மழலையர் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை தொடர்ந்த ஓர் ஆய்வில், பருமன் விகிதம் கோடை விடுமுறைகளில் மட்டுமே ஏறியது தெரிந்திருந்தது. ஊரடங்கு என்பது முடிவில்லாமல் நீண்ட விடுமுறை, அதுவும் மைதானம் இல்லாத விடுமுறை.

அப்புறம் உடலுக்குள் என்ன நடக்கிறது? அசையும் தசை, சர்க்கரையைச் செல்களுக்குள் அனுப்பும் ஹார்மோனான இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பிள்ளை உட்கார்ந்தே இருந்தால் அந்த வழி சுருங்கிவிடும். கொழுப்புச் செல்கள் நிரம்பியபின் மிச்சக் கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் படியும். அங்கே இன்சுலினின் பேச்சு எடுபடாது. ஈடுகட்டக் கணையம் இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரக்க வேண்டியிருக்கும். பருவ வயதில் வளர்ச்சி ஹார்மோன்களே இன்சுலினை எதிர்ப்பவை என்பதால், அந்த வயதுப் பிள்ளைக்கு நெருக்கடி இரட்டிப்பு. கணையம் தளர்ந்தால் இரண்டாம் வகை நீரிழிவுதான். பெருந்தொற்றின் முதல் ஆண்டில், 24 அமெரிக்க மருத்துவ மையங்களில் இந்நோயோடு புதிதாக வந்த இளையோர் எண்ணிக்கை, முந்தைய இரண்டு ஆண்டுகளின் சராசரியைவிட 77% அதிகம். ஊரடங்கு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, தொற்றின் பங்கும் ஆராயப்படுகிறது.

ஏறியது இறங்குமா? இங்கிலாந்தில் 4-5 வயதினரில் பருமன் உள்ளோர் 9.9 சதவீதத்திலிருந்து 14.4-க்குத் தாவி, மறு ஆண்டே 10.1-க்கு வந்துவிட்டார்கள். 10-11 வயதினரிடம் 21-லிருந்து 25.5-க்குப் போன விகிதம் அந்த மறு ஆண்டில் 23.4 வரைதான் இறங்கியது. பள்ளி திறந்த பிறகும் மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்திருக்க வேண்டியது இந்தப் பெரிய பிள்ளைகளைத்தான்.