பாண்டில் தழும்பு என்றால் என்ன? தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அமெரிக்காவின் பழைய குடியிருப்புகளைத் தோண்டும்போது பழைய கண்ணாடிப் புட்டியின் அடித்துண்டு கிடைத்தால், ஆய்வாளர் அதைக் கவிழ்த்துப் பார்ப்பார். அடியின் நடுவே கரடுமுரடாக, விரல் பட்டால் கீறும்படி ஒரு வட்டத் தழும்பு இருக்கலாம். அதற்குப் பெயர் ‘பாண்டில் தழும்பு’; பாண்டில் (pontil) என்பது ஆங்கிலச் சொல். நம் பழந்தமிழில் வட்டத்துக்கும் எருதுக்கும் வழங்கிய ‘பாண்டில்’ வேறு, இது வேறு. ஒலிபெயர்ப்பில் இரண்டும் ஒன்றாகிவிடுவதே இச்சொல்லை அப்படியே வைத்துக்கொள்ள எனக்குள்ள முதல் தயக்கம்.

தழும்பு எப்படி விழுகிறது என்று தெரிந்தால் சொல்லும் தெளியும். உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் சுருட்டியெடுத்து ஊதுவார்கள். புட்டி உருவானபின் அதன் வாய்ப்பக்கம் குழாயோடு ஒட்டியிருக்கும். வாயைச் செப்பனிட வேண்டுமானால் குழாயிலிருந்து முறித்தாக வேண்டும். முறித்தபின் அந்தத் தணல்சூட்டில் புட்டியை எதைக்கொண்டு பிடிப்பது? அதற்காகத்தான் இன்னொரு கோல். அதன் நுனியில் கொஞ்சம் சூடான கண்ணாடியைத் தொட்டு, புட்டியின் அடியில் ஒட்டிப் பிடித்துக்கொள்வார்கள். வாயைச் சூடாக்கி, விளிம்பு வைத்து முடித்தபின் கோலை ஒரு தட்டுத் தட்டினால் உடைந்து பிரியும். உடைந்த இடமே தழும்பு. அது மேசையில் இடிக்காமல் புட்டி நேராக நிற்கட்டும் என்று அடியை உள்நோக்கிக் குழித்துவிடுவதும் உண்டு.

அந்தக் கோலின் பெயர்தான் பாண்டில். பட்டறைப் பேச்சில் ‘பன்டி’. ஆங்கிலத்துக்கு இது பிரெஞ்சிலிருந்து வந்தது; பிரெஞ்சுக்கு இத்தாலிய ‘புன்டெல்லோ’விலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது அகராதிகளின் கருத்து. ‘புன்டோ’ என்றால் புள்ளி, முனை. இத்தாலிய மொழியில் புன்டெல்லோ இன்றும் சுவருக்கு முட்டுக் கொடுக்கும் கழியைக் குறிக்கிறது. கண்ணாடித் தொழிலில் வெனிஸ் நகரத்தார் பெயர்பெற்றிருந்ததால் சொல் அங்கிருந்து பயணப்பட்டதில் வியப்பில்லை. ஆள்களும் பயணப்பட்டார்கள். வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் 1608-இல் ஜெர்மானியரையும் போலந்துக்காரரையும் கொண்டு கண்ணாடி உலை தொடங்கினார்கள், அது நிலைக்கவில்லை. 1621-இல் இத்தாலியக் கைவினைஞர்களை வரவழைத்து மறுபடி முயன்றார்கள், அதுவும் தேறவில்லை. அந்த உலையின் அடிமானத்தை 1948-இல் அகழ்ந்து பார்த்தார்கள்.

தமிழில் என்ன சொல்லலாம்? சொற்பிறப்பைப் பின்பற்றி ‘முனைக்கோல்’ என்றால் கூரான குச்சி என்று எண்ணத் தோன்றும். ‘முட்டுக்கோல்’ மூலத்துக்கு நெருக்கம், ஆனால் இந்தக் கோல் முட்டுக் கொடுப்பதில்லை, பிடித்துக்கொள்கிறது. ஆகவே ‘பிடிகோல்’ என்பேன். ஊதுவதற்கு ஊதுகோல், பிடிப்பதற்குப் பிடிகோல். இரண்டும் இணையாக நிற்கும். அடியில் விழுவது பிடிகோல் தழும்பு. ‘வடு’ என்றும் சொல்லலாம், சுருக்கமாகவும் இருக்கும்; மாவடுதான் முதலில் நினைவுக்கு வந்து தொலைக்கும் என்பதால் விட்டேன். பார்த்தவுடன் தொப்புள் போலிருக்கிறதே என்று அப்படிப் பெயரிடவும் கூடாது. புட்டி தன் ‘தாய்’க் குழாயோடு ஒட்டியிருந்தது வாய்ப்பக்கத்தில், அடியில் அல்ல.

தழும்பு எல்லாம் ஒன்றுபோல் இராது. கோல் நுனியில் கண்ணாடி தொட்டு ஒட்டியிருந்தால் நடுவில் சிறு முரட்டு வட்டம். தனிக் கோல் எடுக்காமல் ஊதுகோலையே பிடிகோலாக்கியிருந்தால் உள்ளே வெறுமையான வளையம். மணலில் தோய்த்து ஒட்டியிருந்தால் அடிக்குழி முழுவதும் பொடிப்பொடியாகச் சொரசொரப்பு; 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து வந்த, கறுப்பாகத் தோன்றும் கரும்பச்சை மதுப்புட்டிகளில் இது உண்டு. நான்காவதுதான் அமெரிக்க ஆய்வாளர்களுக்குப் பெரிய உதவி: கண்ணாடி தொடாமல், சூடேற்றிய வெறும் இரும்பையே அடியில் ஒட்டுவது. பிரித்தெடுத்தபின் செம்மையோ கருமையோ கலந்த இரும்புக்கறை அடியில் தங்கிவிடும். சோடாப் புட்டிகளிலும் மருந்துப் புட்டிகளிலும் இதைக் காணலாம். அமெரிக்காவில் பெரும்பாலும் 1840-களின் நடுவிலிருந்து 1860-கள் வரை வழங்கிய முறை என்பதால், அந்தக் கறை கண்ட துண்டின் காலம் இருபதாண்டுச் சொச்சத்துக்குள் அடங்கிவிடுகிறது.

1850-களிலேயே புட்டியின் உடலை இடுக்கிபோல் கவ்வும் கருவி புழங்கத் தொடங்கியது. அடியில் எதையும் ஒட்ட வேண்டியதில்லை, அடி வழவழப்பாக நின்றது. உள்நாட்டுப் போர் முடிந்த 1865-ஐ ஒட்டி அமெரிக்கப் புட்டிகளில் தழும்பு அருகிப்போனது. எனினும் இது புட்டி செய்த காலத்தைத்தான் சொல்லும், புதைந்த காலத்தை அல்ல. புட்டியைக் கழுவித் திரும்பத் திரும்ப நிரப்பிய காலம் அது. பல ஆண்டு புழங்கிய பின்னரே குழிக்குப் போயிருக்கலாம்.

குழி என்றது பெரும்பாலும் கழிப்பறைக் குழி. சாக்கடைக் குழாய் வருமுன் நகர வீடுகளின் பின்கட்டில் இருந்தவை. புழக்கம் நின்றதும் உடைந்த கோப்பை, தட்டு, மருந்துப் புட்டி எல்லாம் அதில்தான் விழும். நியூயார்க்கின் ஃபைவ் பாயின்ட்ஸ் என்னும் ஏழைக் குடியிருப்பில், நீதிமன்றம் கட்டுவதற்காக 1991-இல் தோண்டியபோது கிணறுகளிலும் குழிகளிலுமிருந்து கிடைத்தவை சுமார் 8,50,000 பொருள்கள். அவற்றை உலக வர்த்தக மையத்தின் 6ஆம் எண் கட்டடத்தின் நிலவறையில் வைத்திருந்தார்கள். 2001 செப்டம்பர் 11-இல் எல்லாம் போயின; வெளியே இரவல் கொடுத்திருந்த 18 பொருள்கள் மட்டும் தப்பின. அங்கு இன்று ஆய்வுக்கு மிஞ்சியவை படங்களும் எழுதிவைத்த விவரங்களும்தான். ‘அடியில் தழும்பு உண்டு’ என்று மொட்டையாக எழுதினால் போதாது, வளையத் தழும்பா, மணல் தழும்பா, இரும்புத் தழும்பா என்று வகை சொல்லி எழுத வேண்டும் என்பது இதனால்தான்.

கடைசியாக ஒரு போலி. மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கிப் புட்டி இயந்திரம் 1903 வாக்கில் வந்தது. உருகிய கண்ணாடியை அச்சுக்குள் உறிஞ்சி இழுத்து வெட்டும் அந்த இயந்திரமும் அடியில் ஒரு வட்டக்கோட்டை விட்டுச்செல்லும். புதிதாகப் பழகுகிறவர்கள் இதையும் பிடிகோல் தழும்பு என்று எழுதிவிட்டால் புட்டிக்கு அரை நூற்றாண்டு வயது கூடிவிடும். ஓவன்ஸ் கோடு மெல்லியது, பெரும்பாலும் நடுவிலிருந்து சற்று விலகியிருக்கும், உடைந்த முரடு அதில் இராது. இதற்கு ‘உறிஞ்சுக்கோடு’ என்ற தனிப்பெயரே பொருந்தும். தழும்பு என்ற சொல்லை இதற்குத் தராமல் இருப்பது நல்லது.