எடைச்சீட்டு சரி, கம்பி சரியா?

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் வீடு கட்டுபவர்கள் பலர், முறுக்குக்கம்பி லாரி வந்ததும் எடை மேடைச் சீட்டை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். கம்பி ஒல்லியாக இருந்தாலும் டன் கணக்கு சரியாகவே வரும், எண்ணிக்கைதான் கூடும். கம்பி கட்டுபவரோ வரைபடத்து இடைவெளிப்படி எண்ணிக் கட்டுவார். ஆக, தளத்துக்குள் இரும்பு குறையும். கடைசியில் கம்பி மீந்ததைப் பார்த்து வீட்டுக்காரர் சந்தோஷப்படுவதுதான் கொடுமை.

விட்டம் அளக்கும் வெர்னியர் கருவியை நம்ப முடியாது. கம்பியில் புடைத்திருக்கும் வரிமேல் வைத்தால் அளவு கூடும், பள்ளத்தில் வைத்தால் குறையும். எடைதான் வழி. கம்பி இரும்பின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ. கம்பிக்கடைகளில் எல்லார் வாயிலும் இருக்கும் 162 என்ற எண் அதிலிருந்து வந்ததுதான். மீட்டர் எடையை (கிலோவில்) 162-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் விட்டம் மி.மீ.யில் கிடைக்கும்.

10 மி.மீ. கம்பி மீட்டருக்கு 617 கிராம் இருக்க வேண்டும். தராசு 560 காட்டினால்? 0.560 × 162 = 90.72, வர்க்கமூலம் 9.52. "அரை மில்லிதானுங்க" என்பார் கடைக்காரர். ஆனால் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் போகிறது. 9 சதவீத இரும்பு காணோம். முறுக்குக்கம்பிக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 1786-இன்படி, 10 மி.மீ. வரை தனி மாதிரியில் 8 சதவீதம்வரைதான் குறையலாம்; அதாவது 568 கிராமுக்குக் கீழே போகக்கூடாது. 12, 16 மி.மீ. கம்பிக்கு 6 சதவீதம், அதற்கு மேல் 4.

எடை பார்க்க ஒரு மீட்டர் மாதிரியைக் கட்டிங் வீலில் நேராக வெட்டுங்கள். கட்டரில் நறுக்கினால் முனை நசுங்கி நீளம் தெளிவாகத் தெரியாது. 10 மி.மீ. கம்பியில் நீளம் ஒரு செ.மீ. பிசகினால் எடையில் 6 கிராம் பிசகும். டேப்பின் கொக்கி ஆடும் என்பதால் 10 செ.மீ. கோட்டிலிருந்து அளப்பது நல்லது. மண்ணையும் துருவையும் கம்பி பிரஷால் தேய்த்தெடுங்கள், இல்லாவிட்டால் ஒல்லிக் கம்பியும் தேறிவிடும். மளிகைக்கடையில் உள்ள, ஒரு கிராம்வரை காட்டும் தராசு போதும். ஒரே கட்டில் எடுக்காமல் வெவ்வேறு கட்டுகளில் மூன்று துண்டாவது பாருங்கள்.

 

இதையெல்லாம் கம்பி வெட்ட ஆரம்பிக்கும் முன்பே முடித்துவிட வேண்டும். வெட்டி வளைத்த கம்பியைக் கடையில் திரும்ப எடுப்பது அபூர்வம்.