ஃப்ளாஷ்பேக்கை நம்பலாம், கிளைமாக்ஸை நம்பாதீர்கள்

தமிழ்ப் பேய்ப்படங்களின் கட்டமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். இடைவேளை வரை கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், பாத்ரூம் குழாய் தானாகத் திறந்துகொள்ளும், வீட்டில் ஒருவருக்குக் குரல் மாறும். அதன்பிறகு ஃப்ளாஷ்பேக் வரும். பேயாக வந்திருப்பவர் உயிரோடிருந்தபோது யார், அவரைக் கொன்றது யார், எதற்காகக் கொன்றார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். கடைசி இருபது நிமிடத்தில் மந்திரவாதியோ, தீயோ, சங்கிலியோ, ஒரே இரவில் குணமாக்கிவிடும் ஒரு டாக்டரோ வந்து முடித்துவைப்பார்கள்.

மனநலப் புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து பார்க்கும்போது இந்த இரண்டு பாதிகளும் வேறுவேறாகத் தெரிகின்றன. இந்தச் சமூகம் எதற்குப் பயப்படுகிறது, யாருக்குச் செய்த அநியாயம் அதன் மனசாட்சியை உறுத்துகிறது என்பதை ஃப்ளாஷ்பேக் சரியாகச் சொல்லிவிடுகிறது. பாதிக்கப்பட்டவரை எப்படி நடத்துவது என்று கிளைமாக்ஸ் கற்றுக்கொடுப்பதோ முழுக்கத் தவறு. அந்தத் தவறை நம்பி மாதக்கணக்கில் அலைந்து, கையிலிருந்த நகையையும் அடகு வைத்துவிட்டுக் கடைசியில் ஆஸ்பத்திரிக்கு வரும் குடும்பங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

பேய் ஏன் எப்போதும் பெண்ணாகவே இருக்கிறது என்று கேட்கிறார்கள். இது சினிமா தொடங்கிவைத்த வழக்கமல்ல. குறுந்தொகையின் 292ஆம் பாடலில் பரணர் சொல்லும் நன்னன், ஆற்றில் மிதந்து வந்த பசுங்காயைத் தின்றாள் என்பதற்காக ஒரு பெண்ணைக் கொன்றவன். அவள் எடைக்குப் பொற்பாவையும் 81 யானைகளும் தருகிறோம் என்று கெஞ்சியும் அவன் விடவில்லை. கொல்லப்பட்ட அந்தப் பெண்தான் ஆனைமலை மாசாணியம்மன் என்று சேர்த்துச் சொல்வதுண்டு. பழையனூர் நீலி கணவன் கையால் இறந்து பழிவாங்கத் திரும்பியவள். பொய்யழுகைக்கு ‘நீலிக் கண்ணீர்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். அவள் கொல்லப்பட்டவள் என்ற பாதி அந்தப் பெயரில் இல்லை. குமரி, நெல்லைப் பக்கத்து இசக்கி கதைகளிலும் ஏமாற்றப்பட்டுக் கொலையுண்ட பெண் வருகிறாள். வட மாவட்டங்களில் அகாலத்தில் இறந்த வீட்டுப் பெண்ணைப் பூவாடைக்காரி என்று சேலை வைத்துக் கும்பிடுகிறார்கள். எல்லாவற்றிலும் இருப்பது ஒரே பயம்: நம் வீட்டிலோ நம் ஊரிலோ ஒரு பெண்ணுக்கு அநியாயம் நடந்தது, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

இந்தப் பயத்தின் நவீன வடிவம் செய்தித்தாளில் இருக்கிறது. ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி’ என்ற தலைப்புக்குக் கீழே, ‘திருமணமாகி 3 ஆண்டுகளே ஆவதால் ஆர்.டி.ஓ. விசாரணை நடக்கிறது’ என்று கடைசி வரி இருக்கும். திருமணமான 7 ஆண்டுகளுக்குள் நேரும் வரதட்சணைச் சாவைத் தனிக் குற்றமாக்கிய சட்டத் திருத்தம் 1986இல் வந்தது. அந்த விசாரணையில் அக்கம்பக்கத்தார் என்ன சொன்னார்கள், வழக்கு என்ன ஆனது என்பதெல்லாம் செய்தியில் வருவதே இல்லை. முடியாத அந்த விசாரணையை நடத்தத்தான் பேய்ப்படத்தில் வெள்ளைச் சேலை வருகிறது. 2009இல் வெளிவந்த ‘ஈரம்’ இதை நேராகவே சொன்னது. அதில் கணவன் சந்தேகப்பட்டுக் கொன்றான் என்பதோடு கதை முடிவதில்லை. அடுக்குமாடியில் அவளைப் பற்றிப் பொய் பேசிய அண்டை வீட்டாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வதந்தியும் கொலையில் சேர்த்தி என்று ஒரு பேய்ப்படம் சொன்னது பெரிய விஷயம்.

பெண்ணுக்கு அடுத்த பயம் மண்ணும் வீடும். ஆயுள் சேமிப்பைப் போட்டு வாங்கும் ஃப்ளாட் அடியில் ஏரியா, சுடுகாடா, யாருடைய பட்டாவா என்று தெரியாமல் பால் காய்ச்சும் நகரத்துக் குடும்பத்தின் படபடப்பை அதே 2009இல் ‘யாவரும் நலம்’ எடுத்துக்கொண்டது. 2011இல் வந்த ‘காஞ்சனா’வில் பேயாக வருபவர் வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஒரு திருநங்கை. ஆஸ்பத்திரி கட்ட வைத்திருந்த நிலத்தை எம்.எல்.ஏ. ஒருவர் பறித்துக்கொண்டு கொன்றுவிடுகிறார். அதே ஆண்டில்தான் தமிழக அரசு நில அபகரிப்புப் புகார்களுக்கென்று காவல் துறையில் தனிப்பிரிவுகளை அமைத்தது. திருநங்கையரை மூன்றாம் பாலினமாக உச்ச நீதிமன்றம் ஏற்றது 2014இல். படத்துக்கு மூன்று ஆண்டு கழித்து. பின்னர் ‘லிஃப்ட்’ (2021) பேயை ஐ.டி. அலுவலகத்துக்குள் கூட்டிப்போனது.

காலத்துக்குக் காலம் பயம் மாறும் என்பதற்குக் கலிங்கத்துப்பரணியே சாட்சி. அதில் வரும் பேய்கள் யாரையும் பிடிப்பதில்லை. பசி தாங்காமல் காளியிடம் முறையிடுகின்றன, போர்க்களத்தில் கூழ் காய்ச்சிக் குடிக்கின்றன. பஞ்சம் கண்ட நாட்டின் பேய்க்கு வயிறுதான் பிரச்சினை.

இதுவரை சொன்னது ஃப்ளாஷ்பேக். இனி கிளைமாக்ஸ்.

‘சந்திரமுகி’ (2005) வந்தபிறகு மனநோய் என்றாலே ‘ஸ்ப்ளிட் பெர்சனாலிட்டியா டாக்டர்?’ என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பேய் என்று சொல்லாமல் நோய் என்று சொன்ன வகையில் அந்தப் படம் நல்லதே செய்தது. ஆனால் எதிரியின் உருவபொம்மையை எரிக்கவைத்து ஒரே ராத்திரியில் குணமாக்குவது சிகிச்சை அல்ல. மனச்சிதைவு நோய் என்பது ஒருவருக்குள் இரண்டு ஆட்கள் இருப்பதும் அல்ல. யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம், பேச்சுக் குழப்பம், குளிக்காமல் ஒதுங்கிக்கிடப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். அதற்கு மாத்திரை வேண்டும், அதையும் நிறுத்தாமல் நீண்ட நாள் சாப்பிட வேண்டும்.

‘பேய் பிடிப்பது’ வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே, தன் அடையாளத்தை இழந்து வேறொருவராகப் பேசும் நிலை தனிப் பெயருடன் இருக்கிறது. சொல்ல வழியில்லாத நெருக்கடி ஒன்று உடல் வழியே வெளிவருகிறது. புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள் மாமியாரை ‘ஏய்’ என்று கூப்பிட முடியாது. மாமியாருக்கு முன்பு அதே வீட்டில் செத்துப்போன மூத்தாள் அவள் வாயில் வந்தால் கூப்பிடலாம். வீட்டார் இங்கே இரண்டு பக்கமும் சறுக்குகிறார்கள். முதலில் ‘காத்து கருப்பு அண்டிருச்சு’ என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் நார்மல் என்றதும் ‘எல்லாம் நடிப்பு’ என்று திட்டுகிறார்கள். பேயும் இல்லை, நடிப்பும் இல்லை. அவருக்கு அது தன் கட்டுப்பாட்டில் இல்லாமல் நடக்கிறது.

கோடாங்கி முன்னால் நடப்பதைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். உடுக்கைச் சத்தம், சாம்பிராணிப் புகை, சுற்றி நாற்பது கண்கள். ‘யாரு நீ? எந்த ஊரு? எதுக்கு வந்த?’ என்று கேள்வி மேல் கேள்வி. அந்தப் பெண் காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கமாட்டார், மூன்று ராத்திரி தூங்கியிருக்கமாட்டார். அந்த நிலையில், அத்தனை பேர் எதிர்பார்க்கும் ஒரு பெயர் வாயில் வந்துவிடும். முதல்முறையாகத் தன் பேச்சை ஊரே கேட்கிறது என்பதால் சிலருக்குத் தற்காலிகமாக ஆறுதலும் கிடைக்கும். பார்த்தவர்கள் பலித்துவிட்டது என்கிறார்கள். ஆனால் வீட்டுக்குத் திரும்பினால் அதே கணவன், அதே சண்டை. பேய் திரும்ப வரும். இரண்டாம் முறை விளக்குமாற்று அடியும் மிளகாய்ப் புகையும் சேரும். புகை மூச்சுக்குழாயைச் சுருக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு அது உயிராபத்து. எல்லாவற்றையும்விட மோசம், ‘பத்தியம்’ என்று சொல்லி ஏற்கெனவே சாப்பிட்டுவரும் மாத்திரையை நிறுத்தச்சொல்வது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இடைவிடாத வலிப்பு வந்து மூளை பாதிக்கப்படலாம், உயிரும் போகலாம்.

அதனால், ஒருவர் திடீரென்று மாறிப் பேசும்போதும் விழுந்து துடிக்கும்போதும் செய்ய வேண்டியவை எளிமையானவை. கூட்டத்தை வெளியே அனுப்புங்கள். இடிபடக்கூடிய பொருள்களை நகர்த்துங்கள். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கையில் சாவிக்கொத்தும் வாயில் கரண்டியும் வேண்டாம். இரும்பு வலிப்பை நிறுத்தாது, கரண்டி பல்லை உடைக்கும். எலுமிச்சைச் சாறோ தண்ணீரோ ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். கடிகாரத்தைப் பாருங்கள். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள். முடிந்தால் ஒருவர் செல்போனில் வீடியோ எடுத்துவையுங்கள், டாக்டருக்கு மட்டும் காட்ட. வாட்ஸப்பில் அனுப்பக் கூடாது. கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா, நாக்கு கடிபட்டதா, சிறுநீர் போனதா என்ற மூன்றும் முக்கியம். மூளை வலிப்பில் பெரும்பாலும் கண் திறந்திருக்கும், ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கும், பிறகு குழப்பமும் தூக்கமும் வரும். மன நெருக்கடியால் வருவதில் பெரும்பாலும் கண் இறுக மூடியிருக்கும், கூடிக் குறைந்து நெடுநேரம் போகும். வீட்டில் யாரும் இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம்.

அடங்கியபிறகு ‘உனக்குள்ள யாரு வந்தா?’ என்று கேட்காதீர்கள். ‘இப்ப எப்படிம்மா இருக்கு? ஏதாவது சாப்பிடுறியா?’ போதும். இரண்டு நாள் கழித்து அவருக்குப் பிடித்த ஒருவர் தனியாக உட்கார்ந்து பேசட்டும். கணவரும் மாமியாரும் பக்கத்தில் இருக்க வேண்டாம். அடிக்கிறார்களா, சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வீட்டில் கொடுமை இருக்கிறது என்றால் பெண்களுக்கான உதவி எண் 181.

மூன்று நிலைகளில் கோடாங்கிக்கும் நேரமில்லை, ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்பதற்கும் நேரமில்லை.

ஒன்று, பிள்ளை பெற்ற முதல் இரண்டு வாரங்கள். சுமார் ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு தாய்மாருக்குத் தூக்கமே இல்லாமல், இது என் குழந்தையே இல்லை, யாரோ மாற்றிவைத்துவிட்டார்கள் என்று பேசும் கடுமையான மனநோய் வருகிறது. ‘தீட்டு வீட்டுல காத்து பட்டுருச்சு’ என்று வேப்பிலை செருகிவிட்டுத் தாயையும் சேயையும் தனியறையில் விடுவார்கள். இரண்டு உயிருக்கும் ஆபத்து. அன்றே மருத்துவமனை, குழந்தையை அதுவரை இன்னொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். சரியான சிகிச்சையில் பெரும்பாலானோர் முழுமையாகத் தேறிவிடுகிறார்கள்.

இரண்டு, ஒன்றிரண்டு வாரத்துக்குள், நன்றாக இருந்த பெண் ஒருத்தி காய்ச்சல், தலைவலி, குழப்பப் பேச்சு, பிறகு வலிப்பு, வாயும் முகமும் கோணிக்கோணி அசைவது என்று மாறிப்போவது. உடலின் எதிர்ப்புச் சக்தி மூளையையே தாக்கும் அழற்சி இப்படித்தான் வரும். அதில் ஒரு முக்கிய வகையை மருத்துவ உலகம் தெளிவாக விளக்கியதே 2007இல்தான். இளம்பெண்களிடம் அதிகம், சிலருக்குச் சினைப்பையில் கட்டியும் இருக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்தில் தேறலாம். உலகெங்கும் பேய்ப்படங்களில் வரும் ‘பிடிபட்ட பெண்’ணின் அசைவுகளை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மனசு கனத்துப்போகும்.

மூன்று, வயதானவர் திடீரென்று ராத்திரியில் செத்தவர்களோடு பேசுவது. கிருமித்தொற்று, சோடியம் குறைவு, சர்க்கரை ஏற்ற இறக்கம் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

அமுக்குவான் பேய் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நைட் ஷிஃப்ட் பார்க்கும் பிள்ளைகள் அதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். விழிப்பு வந்துவிடும், கைகால் அசையாது, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் பாரம், அறை மூலையில் கறுப்பாக ஓர் உருவம். கனவு காணும் தூக்கத்தில், கனவில் ஓடும்போது நிஜத்தில் கால் ஓடிவிடாமல் இருக்க உடல் தசைகளை மூளை தளர்த்திவைக்கிறது. அந்தத் தளர்ச்சி விலகும் முன்பே விழிப்பு வந்துவிட்டால் இப்படி ஆகும். மார்புத் தசைகளும் தளர்ந்திருப்பதால்தான் பாரம். கனவின் மிச்சம்தான் அந்த உருவம். சில விநாடிகளிலிருந்து இரண்டொரு நிமிடம் வரை இருக்கும். போராடி எழப் பார்க்காமல் ஒரு விரலை மட்டும் அசைக்க முயலுங்கள், மூச்சை மெதுவாக விடுங்கள். மல்லாந்து படுப்பதையும் தூக்கம் கெடுவதையும் குறைத்தால் பலருக்கு இது குறைந்துவிடும். பகலில் அடக்க முடியாத தூக்கமும் சேர்ந்து வந்தால் டாக்டரைப் பாருங்கள்.

படங்களில் மனநல மருத்துவமனை என்றால் கம்பி, கூச்சல், தண்டனையாக ஷாக். அதைப் பார்த்துப் பயந்தே பலர் வருவதில்லை. மின் அதிர்வுச் சிகிச்சை இன்று மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் கொடுத்துத்தான் செய்யப்படுகிறது. அவை இல்லாமல் கொடுப்பதையும், எந்த வடிவத்திலும் சங்கிலியில் கட்டுவதையும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடி தர்கா பக்கம் மனநோயாளிகளைக் கட்டிவைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். சங்கிலி. எந்தப் பேய்ப்படத்தின் ஃப்ளாஷ்பேக்கிலும் அவர்கள் இன்னும் வரவில்லை.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. ஏர்வாடியிலேயே பின்னாளில் துவாவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் தரும் திட்டம் வந்தது. மனநலம் வேண்டிக் குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்குபவர்களும் மாத்திரையைத் தொடரலாம். விபூதி பூசிக்கொண்டு வாருங்கள், தாயத்து இருக்கட்டும், மாத்திரை டப்பாவையும் எடுத்துவாருங்கள்.

முதல்முறை வரும்போது கொண்டுவர வேண்டியவை: அந்த வீடியோ, எந்தத் தேதியில் தொடங்கியது என்ற குறிப்பு, கடைசியாக எத்தனை நாள் தூங்கவில்லை, பிரசவத் தேதி, நாட்டு மருந்து உட்படச் சாப்பிடும் எல்லா மருந்தும், கூடவே வீட்டில் உண்மையைச் சொல்லத் தயாராக இருக்கும் ஒருவர். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உடனே வர முடியாதவர்கள் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலிமானஸ் 14416 எண்ணுக்கு 24 மணி நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். பெயரைச் சொல்லத் தயக்கமாக இருந்தால், என்ன நடந்தது என்பதிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.