குயர் என்றால் ஓரினச்சேர்க்கையாளர் இல்லை

ஒருவர் தன்னை 'குயர் ஆர்ட்டிஸ்ட், ரைட்டர், கம்யூனிட்டி ஆக்டிவிஸ்ட்' என்று ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்திக்கொள்கிறார். மறுநாள் தமிழ்ச் செய்தியில் அவர் 'ஓரினச்சேர்க்கையாளரும் ஓவியருமான சமூக ஆர்வலர்' ஆகிவிடுகிறார். எத்தனை தடவைதான் இதைப் படிப்பது?

குயர் (queer) என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் முதலில் 'விசித்திரமான, ஒரு மாதிரியான' என்றுதான் பொருள். 16ஆம் நூற்றாண்டிலிருந்து புழங்குகிறது, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வசவானது. 1990இல் நியூயார்க்கில் தொடங்கிய குயர் நேஷன் போன்ற இயக்கங்கள் அந்த வசவையே தங்கள் பெயராக ஏந்திக்கொண்டன. இன்று பாலீர்ப்பாலோ பாலின அடையாளத்தாலோ வழக்கமான ஆண்-பெண் வரையறைக்குள் அடங்காத எல்லோருக்குமான பொதுச்சொல் அது. பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழும் ஒரு திருநம்பியும் தன்னை குயர் என்று சொல்லிக்கொள்ளலாம். அவருடைய துணை ஒரு பெண் என்றால் இதில் 'ஓரினம்' எங்கிருந்து வந்தது?

'ஓரினச்சேர்க்கையாளர்' என்ற சொல்லில் எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் 'சேர்க்கை' மேல்தான். மனிதரைச் சொல்ல வந்த சொல் நேராகப் படுக்கையறைக்குப் போய் நிற்கிறது. கணவன் மனைவியாக வாழ்கிற ஓர் எழுத்தாளரை 'எதிரினச்சேர்க்கையாளரும் நாவலாசிரியருமான' என்று எந்தப் பத்திரிகையாவது எழுதுமா? இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு ஒரே பாலினர் உறவைக் குற்றமாக வைத்திருந்த காலத்தில் நீதிமன்றச் செய்திகளில் அடிபட்ட சொல் இது. வயதுவந்தோர் மனமொத்து உறவுகொள்வது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று சொல்லிவிட்டது, நம் மொழிபெயர்ப்பாளர்கள் இன்னும் பழைய குற்றப்பத்திரிகையையே புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம் அந்த 'இனம்'. ஆணும் பெண்ணும் தனித்தனி இனமா என்ன? ஆண்பால், பெண்பால், பலர்பால் என்று தொல்காப்பியம் தொட்டு நமக்கு இருப்பது 'பால்'. ஒரே பாலினர் மீது வரும் ஈர்ப்பைச் சொல்லவேண்டும் என்றால் தன்பாலீர்ப்பு என்ற நல்ல சொல் இருக்கிறது, அதை அந்த இடத்தில் எழுதலாம். குயருக்கு அதுவும் போதாது.

சரி, குயருக்கு என்ன? சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியலில் 'பால்புதுமையர்' என்று இருக்கிறது. 'புதுமை என்றால் நேற்று முளைத்தது போல ஆகிறதே, இவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தவர்கள்தானே' என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயம்தான், ஆனால் புதுமைக்கு 'புதியது' என்ற ஒரு பொருள் மட்டுமா? வழக்கத்துக்கு மாறானதைக் கண்டால் 'இதென்ன புதுமையா இருக்கு' என்கிறோம். கத்தோலிக்கர்கள் அந்தோணியார் செய்த அற்புதங்களைப் 'புதுமைகள்' என்பார்கள். விசித்திரமும் வியப்பும் ஒன்றாகக் குடியிருக்கிற சொல் அது. 'ஒரு மாதிரி' என்ற ஏச்சைப் பெருமையாகத் திருப்பிக்கொண்ட குயருக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. 'வினோதப் பாலினர்' என்று அகராதியைப் பார்த்து எழுதுபவர்கள் வசவை மட்டும் தமிழாக்கி, அதைத் தலைநிமிர்ந்து ஏந்தியவர்களைத் தொலைத்துவிடுகிறார்கள். 'குயர்' என்றே தமிழில் சொல்லிக்கொள்பவர்களும் நிறையப் பேர், அவர்களை அப்படியே எழுதவேண்டும். தூய தமிழ் எனக்கும் முக்கியம், ஆனால் ஒருவர் தனக்கு இட்டுக்கொண்ட பெயரை மாற்றும் உரிமை அதற்குக் கிடையாது.

மிச்சச் சொற்களிலும் அதே அலட்சியம்தான். ஆக்டிவிஸ்ட் எப்படி 'ஆர்வலர்' ஆவார்? பறவை ஆர்வலர், கிரிக்கெட் ஆர்வலர் சரி. வழக்கு, போராட்டம், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவருக்கு இரவோடு இரவாக இடம் தேடுவது என்று ஓடுகிறவருக்கு வெறும் ஆர்வம்தானா? ஈழத்தில் இயல்பாகப் புழங்கும் 'செயற்பாட்டாளர்' இங்கேயும் வந்துவிட்டது, அதை எழுதலாம். 'சமூகம்' என்று மொட்டையாக விட்டால் நம் ஊரில் எந்தச் சாதி என்றுதான் முதலில் யோசிப்பார்கள், அதனால் எந்தச் சமூகம் என்று சொல்லிவிடவேண்டும். 'இவர் ஒரு பால்புதுமையர். ஓவியர், எழுத்தாளர், பால்புதுமையர் சமூகச் செயற்பாட்டாளர்.' இவ்வளவுதான் வாக்கியம். ஓவியர், எழுத்தாளர் என்ற 'அர்' விகுதியில் ஆணா பெண்ணா என்ற கேள்வியே எழுவதில்லை, தமிழ் இங்கே நமக்கு எளிதாகத்தான் வழிவிடுகிறது.