கோட்டுக்கு வெளியே நிற்பவருக்கும் பயிற்சி வேண்டும்

பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ பள்ளிகளுக்கிடையே கபடி நடந்தால், கடைசி இரண்டு நிமிடம் பயிற்சியாளரைக் கவனியுங்கள். ஓடாமலே வியர்க்கிறது, நாக்கு வறள்கிறது. அட்ரினலின் ரத்தத்தில் ஏற்றிய சர்க்கரையை ஆடுபவரின் தசை எரித்துவிடும். நிற்பவருக்கு அந்த வடிகால் இல்லை.

பதற்றம் அளவோடு இருந்தால் விழிப்பு கூடும். மிஞ்சினால், நெற்றிக்குப் பின்னால் திட்டமிடும் மூளைப்பகுதி தளரும், கவனமும் குறுகும். கவனம் இப்படிக் குறுகுவதை 1959இலேயே ஈஸ்டர்புரூக் என்ற உளவியலாளர் விளக்கினார். பாடிப்போகும் ரைடர் மட்டுமே கண்ணில் நிற்பார்; எதிரணியில் ஓரத்தில் நின்று பிடிக்கும் கார்னர் ஓரடி முன்னேறியது தெரியாது. வாயில் 'புடி, புடி' மட்டும் வரும். அந்தக் குரலும் முகமும் பிள்ளைகளையும் பதறவைக்கும். பதற்றத்தை இறக்கவும் கற்றுக்கொள்ளலாம், ரைடு கற்பதுபோலவே.

டைம் அவுட் 30 வினாடி. முதல் 10 வினாடி ஒரே மூச்சு: 4 வினாடி இழுத்து, 6 வினாடி விட வேண்டும். மூச்சை விடும்போது வேகஸ் நரம்பு இதயத்துடிப்பை மட்டுப்படுத்தும். மீதி 20 வினாடியில் ஒரே குறிப்பு, ஒரே ஆளுக்கு. மனம் ஒரே நேரத்தில் ஏறக்குறைய நான்கு விஷயங்களைத்தான் பிடித்துவைக்கும். பதற்றத்தில் அதுவும் குறையும்.

பலர் தவறுவது மூச்சில்தான். வேகமாக, ஆழமாக இழுத்தால் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும். போட்டியன்று மட்டும் செய்தாலும் பலிக்காது. தினமும் ஐந்து நிமிடம் பழகி, பிறகு பயிற்சியிலேயே 'மூன்று புள்ளி பின்னால், இரண்டு நிமிடம் மிச்சம்' என்று ஆட்டம் வைத்து அதற்குள் செய்து பார்க்க வேண்டும்.

முடிவுகளையும் முன்பே எழுதிவைக்கலாம்: 'இரண்டு ரைடு வெறுங்கையோடு திரும்பினால், புள்ளி எடுத்தே தீர வேண்டிய டூ ஆர் டை ரைடுக்கு இன்னார்.' 'தீர்ப்பு எதிராக வந்தால், முதலில் ஸ்கோர் போர்டைப் பார்ப்பேன்.' நெருக்கடியில் புதிதாக யோசிக்க வேண்டியிருக்காது.

வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, மைதானத்துக்குப் போகவே வெறுத்தால், அது ஆட்டத்திறன் விஷயமல்ல, சிகிச்சை தேவைப்படும் நிலை. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவை அணுகலாம். அரசின் மனநல உதவி எண் 14416க்கு எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. ஊருக்கே தைரியம் சொல்லும் பி.இ.டி. சாருக்கு இதைக் கேட்கத் தயக்கம் இருக்கும். அந்தத் தயக்கம்தான் நிலைமையை முற்றவிடுகிறது.

விளையாட்டு உளவியலாளரிடம் போவதானால், ஒரு போட்டியில் செல்போன் கேமராவை உங்கள் பக்கமே திருப்பி, ஒலியோடு பதிவு செய்து கொண்டுபோங்கள். ஒரு டைம் அவுட்டில் எத்தனை கட்டளை சொன்னீர்கள், எத்தனை பேரிடம் என்று எண்ணுவதிலிருந்தே வேலையைத் தொடங்கலாம்.