உபவிதி: சொல்லின் வேரும் அதில் ஊராரின் பங்கும்

இலங்கையில் மாநகர சபையோ, நகர சபையோ, பிரதேச சபையோ, ஓர் உள்ளூராட்சி சபை தன் எல்லைக்குள் மட்டும் செல்லுபடியாகும்படி ஆக்கிக்கொள்ளும் விதிக்கு உபவிதி என்று பெயர். மட்டக்களப்பு மாநகர சபை ஆக்கும் உபவிதி காத்தான்குடியில் செல்லாது. காரைதீவுப் பிரதேச சபையின் உபவிதி பக்கத்தில் இருக்கும் கல்முனையைக் கட்டுப்படுத்தாது. சந்தைக் கடை வாடகை, குப்பை அகற்றல், வீதியோர வியாபாரம், விளம்பரப் பலகை, இறைச்சிக் கடை, கட்டாக்காலி மாடு என்று வீட்டு வாசலைத் தொடும் விடயங்கள்தான் அதில் பெரும்பாலும் வரும். சில சபை ஆவணங்களில் இதையே உபசட்டம், துணைச்சட்டம், துணைவிதி என்றும் காணலாம். அலுவலகப் பேச்சில் 'பைலோ' (by-law) என்ற ஆங்கிலச் சொல்லே ஓடும்.

'உப' வடமொழி முன்னொட்டு. அருகில் இருப்பது, அடுத்த நிலையில் இருப்பது என்று பொருள். உபதவிசாளர், உபகுழு, உப தபாலகம் எல்லாவற்றிலும் வருவது இதுதான். 'விதி'யும் வடமொழிதான். ஆனால் வரி விதித்தார்கள், தண்டம் விதித்தார்கள் என்று வினையாகவும் பழகித் தமிழோடு கலந்துவிட்டது. இரண்டும் சேர்ந்தபோது, இது ஏதோ இரண்டாந்தரச் சின்ன விதி, நமக்கு இதில் என்ன வேலை என்ற எண்ணம் கேட்பவருக்கு வந்துவிடுகிறது. உபவிதி வரைபுக்குக் கருத்துக் கேட்டு சபை போடும் அறிவித்தலைப் பார்த்தும் பலர் கடந்து போவதற்கு இந்தச் சொல்லும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆங்கிலச் சொல்லின் வேர் வேறு கதை சொல்கிறது. 'பைலோ'வின் முதற்பகுதிக்குத் தொடக்கத்தில் துணை என்ற பொருள் இல்லை. பழைய நோர்ஸ் மொழியில் ஊர், குடியிருப்பு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது அது. டார்பி, விட்பி போன்ற இங்கிலாந்து ஊர்ப்பெயர்களின் கடைசியில் நிற்பதும் அதே சொல்தான். அங்கே ஊரார் கூடி மேய்ச்சல், வேலி, அறுவடை பற்றித் தங்களுக்குள் செய்துகொண்ட கட்டுப்பாடுகளையே அப்படி அழைத்தார்கள். பக்கத்தில், துணையாக என்று பொருள் தரும் இன்னொரு ஆங்கிலச் சொல் இதே ஒலியில் இருந்ததால், பின்னாளில் அந்தப் பொருளும் இதன்மேல் ஏறிக்கொண்டது. தமிழில் நாம் மொழிபெயர்த்தது பின்னால் வந்த அந்தப் பொருளைத்தான்.

ஊர் கூடி விதி செய்வது மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் புதிதில்லை. உன்னிச்சை, உறுகாமம், நவகிரிக் குளங்களின் கீழே வயல் செய்பவர்களுக்குப் போக ஆரம்பக் கூட்டம் தெரியும். அரச அதிகாரிகளும் விவசாயிகளும் வயல்வெளிகளின் நீர் விடயங்களைப் பார்க்கும் வட்டைவிதானைமாரும் ஒரே இடத்தில் கூடுவார்கள். விதைப்பு எப்போது தொடங்கி எப்போது முடிய வேண்டும், வாய்க்காலில் தண்ணீர் எப்போது திறப்பது, மாடுகளை எந்தத் தேதிக்குள் வயற்புறத்திலிருந்து அப்புறப்படுத்துவது என்று பேசி முடிவெடுப்பார்கள். அதற்கு நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் பலம் உண்டு. எடுத்த முடிவு கூட்டத்துக்கு வராதவர்களையும் கட்டுப்படுத்தும். அதனால்தான் அந்தக் கூட்டத்துக்கு ஆள் வருகிறது, சத்தமும் வருகிறது. சபையின் உபவிதி வரைபுக்கும் அதே அளவு ஆள் வரவேண்டும் என்பதே என் ஆசை.

சட்டத்தில் உபவிதியின் இடம் தெளிவானது. மாநகர சபைக்கு 1947இன் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நகர சபைக்கு 1939இன் 61ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பிரதேச சபைக்கு 1987இன் 15ஆம் இலக்கச் சட்டம் ஆகியவை உபவிதி ஆக்கும் அதிகாரத்தைக் கொடுக்கின்றன. அந்தத் தாய்ச் சட்டத்தை மீறி உபவிதி போகமுடியாது. சபையில் நிறைவேறினால் மட்டும் போதாது. மேலே அங்கீகாரம் கிடைத்து, அரசின் அறிவித்தல் இதழான வர்த்தமானியிலும் வரவேண்டும். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு உள்ளூராட்சி மாகாணத்தின் கையில் இருக்கிறது. 2017இல் கிழக்கு மாகாண சபை கலைந்ததிலிருந்து அந்த அங்கீகார வேலை ஆளுநரின் மேசைக்குப் போகிறது.

இன்னொரு வழியும் உண்டு. 1952இன் 6ஆம் இலக்கச் சட்டத்தின்படி மாதிரி உபவிதிகளை மேலிருந்தே எழுதி வெளியிடலாம், சபை அதை ஏற்றுக்கொண்டால் சரி. நேரம் மிச்சம்தான். ஆனால் ஊரின் மண்ணும் மழையும் அந்த மாதிரிக்குத் தெரியாது. கட்டாக்காலி மாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 'காலி' என்றால் மாடு, மந்தை. கட்டாமல் விட்ட மாடு கட்டாக்காலி. ஐப்பசி தொடங்கித் தை வரை பெரும்போக வயல் விதைத்துக் கிடக்கும், பள்ளமெல்லாம் வெள்ளம் நிற்கும். மாட்டுக்கு மிஞ்சும் மேடு பல இடங்களில் தார் வீதிதான். இரவில் மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு அது உயிராபத்து, மாட்டுக்காரருக்குப் பிழைப்பு. வீதியில் நிற்கும் மாட்டைப் பிடி, தண்டம் அறவிடு என்று மட்டும் சொல்லும் விதி இந்த இருவரில் எவருக்கும் முழுதாக உதவாது. இதை எழுத்தில் சொல்லக்கூடியவர் அந்த வீதியில் இருப்பவர்தான்.

அறிவித்தல்களில் பொதுமக்களின் கருத்துகளும் ஆட்சேபனைகளும் கோரப்படுகின்றன என்று போடுவார்கள். ஆட்சேபனை, எறிதல் என்ற பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து வந்தது. தமிழில் மறுப்பு. கருத்து, 'கருது' என்ற வினையிலிருந்து வந்த தமிழ்ச் சொல். எழுதினால் சபையோடு சண்டைக்குப் போவதாகிவிடும் என்று தயங்குபவர்கள் ஆட்சேபனை என்ற ஒரு சொல்லை மட்டும் பார்க்கிறார்கள். கருத்து அதைவிடப் பெரியது. நன்னூல் 'எழுவகை மதம்' என்று ஏழு நிலைகளைச் சொல்கிறது. மதம் என்றால் அங்கே கொள்கை, கருத்து. உடன்படலாம், மறுக்கலாம். பிறர் சொன்னதை முதலில் ஏற்றுப் பிறகு களையலாம். தானே ஒன்றை நாட்டி நிறுத்தலாம். மாறுபடும் இருவரில் ஒருவர் பக்கம் துணியலாம். பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம். பிறரோடு சேராமல் தன் கருத்தைக் கொள்ளலாம். ஒரு வரைபுக்கு எழுதும் கடிதம் இந்த ஏழில் எதுவாகவும் இருக்கலாம். நல்ல விதியை நல்லது, அப்படியே நிறைவேற்றுங்கள் என்று எழுதுவதும் கருத்துத்தான். எதிர்ப்பவர் மட்டுமே எழுதினால் அந்த நல்ல விதிக்கு ஆதரவே இல்லை என்று பதிவாகிவிடும்.

சரியான தமிழ்ச் சொல் எது? சட்ட எழுத்தில் துணைவிதி என்பதே பொருத்தம். தாய்ச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்ற பொருள் அங்கே தேவை. ஊராருக்கு விளக்கும்போது ஊர்விதி என்று சொன்னால் சட்டென்று விளங்கும். கருத்துக் கோரலுக்கு வரும் பதிலை மக்கள் கருத்துரை என்று சொல்லலாம்.

கருத்துரை எழுத வழக்கறிஞர் வேண்டியதில்லை. வரைபின் எந்தப் பிரிவு என்று இலக்கம் போட்டு, அது உங்கள் வாழ்க்கையில் எப்படி வந்து முட்டும் என்று சொல்லி, மாற்று வாசகத்தையும் எழுதினால் போதும். 'பிடித்த மாட்டைப் பற்றி உரிமையாளருக்கு எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்று இந்தப் பிரிவு சொல்லவில்லை, மூன்று நாளுக்குள் என்று சேர்க்கவும்' என்ற இரண்டு வரி, நான்கு பக்கக் கோபத்தைவிட வேலை செய்யும். தமிழிலேயே எழுதுங்கள். கிழக்கு மாகாணத்தில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பே சொல்கிறது. வரைபு கையில் கிடைக்காவிட்டால், 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் பிரதி கேட்கலாம். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். கடிதத்தை நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், இல்லாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இன்னொரு பிரதி உங்கள் வட்டார உறுப்பினருக்குப் போகட்டும், சபையில் கையுயர்த்துபவர் அவர். வர்த்தமானியில் வந்த பிறகு ஒரு வரியை மாற்றுவதென்றாலும் சபை, அங்கீகாரம், வர்த்தமானி என்ற அதே பாதையை முதலிலிருந்து நடக்க வேண்டிவரும்.