பகலில் பளிங்கு, இரவில் குருடு

இந்த மாதத்தில் இது நான்காவது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் மளிகைக் கடை நடத்தும் பெரியவர் ஒருவர், கண்காணிப்புக் கேமராவைச் சுவரிலிருந்து கழற்றி, காய்கறிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். "தம்பி, பகலில் ஈ பறந்தால்கூடத் தெரிகிறது. ராத்திரியில் ஒன்றும் இல்லை. பின்கதவை உடைத்திருக்கிறார்கள், படத்தைப் போட்டுப் பார்த்தால் வெறும் சாம்பல்" என்றார்.

முன்மூடியைக் கழற்றி மேசை விளக்கில் சாய்த்துப் பார்த்தேன். மூடியில் ஒரு விரிசல். அதை அவரே சூப்பர் குளூ வைத்து ஒட்டியிருக்கிறார். மழைத்தண்ணீர் இறங்கக் கூடாது என்று, கார் கண்ணாடிக்கு ஒட்டிய நிறமில்லாத வெயில் தடுப்பு ஃபிலிமில் மிஞ்சிய துண்டு ஒன்றையும் மேலே ஒட்டியிருக்கிறார். உட்பக்கத்தில் மாவு பூத்ததுபோல் ஒரு வெண்படலம். அதன் நடுவே சுழிசுழியாக, ஒரு வரிகூடக் குறையாமல் ஒரு பெருவிரல் ரேகை. திருடனுடையது என்று நினைத்துவிடாதீர்கள், கடைக்காரருடையது. சூப்பர் குளூவின் ஆவி விரல் பட்ட இடத்தில் படிந்து வெள்ளையாக இறுகும். தடயவியல் துறையினர் ரேகையை வெளிக்கொண்டுவருவதும் இதே ஆவியை வைத்துத்தான். அவர்கள் அதைப் பெட்டிக்குள் செய்கிறார்கள், நம்மவர்கள் லென்சுக்கு முன்னால் செய்கிறார்கள்.

அந்த வெண்படலத்துக்காவது நான் கோபப்படுவதில்லை, கண்ணுக்குத் தெரிகிற குற்றம் அது. எனக்கு ஆத்திரம் வருவது அந்த ஃபிலிம் துண்டைப் பார்க்கும்போதுதான். "அதில் என்ன தம்பி இருக்கிறது, பளிங்கு மாதிரிதானே இருக்கிறது" என்று அதைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். நால்வரில் மூவர் இதையேதான் சொன்னார்கள்.

ஐயா, அது உங்கள் கண்ணுக்குப் பளிங்கு. நம் கண் பார்ப்பது ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியை. கேமராவைச் சுற்றிக் குண்டுமணிகளாகப் பதித்திருக்கும் இரவு விளக்குகள் 850 அல்லது 940 நானோமீட்டரில் எரிகின்றன. அது அகச்சிவப்பு. ஒரு பொருள் முதல் வகை ஒளியை விடுகிறது என்பதை வைத்து, இரண்டாம் வகையையும் விடும் என்று சொல்லவே முடியாது. தலைகீழாகவும் பாருங்கள். ரிமோட்டின் சைகையை வாங்கிக்கொள்ள டிவியின் முகப்பில் ஒரு கரிய பிளாஸ்டிக் சில்லு இருக்கும். நமக்கு அது கும்மிருட்டு, அகச்சிவப்புக்கு அது திறந்த ஜன்னல். நீங்கள் ஒட்டிய ஃபிலிம் இதற்கு நேர் எதிர்: நமக்குத் திறந்த ஜன்னல், அகச்சிவப்புக்குச் சுவர். வெயிலின் வெப்பத்தில் ஏறத்தாழப் பாதி அகச்சிவப்பில்தான் வருகிறது. அதை நிறுத்தத்தானே காசு கொடுத்து அந்த ஃபிலிமை வாங்கினீர்கள்?

இன்னொன்றையும் கணக்குப் போடுங்கள். கேமராவின் ஒளி ஃபிலிமைத் தாண்டி வெளியே போக வேண்டும், திருடன் மேல் பட்டுத் திரும்பி மறுபடி அதே ஃபிலிமைத் தாண்டி உள்ளே வர வேண்டும். ஐந்தில் ஒரு பங்கை விடுகிற ஃபிலிம் என்றே வைத்துக்கொள்வோம். போக ஒரு தரம், வர ஒரு தரம். கடைசியில் லென்சுக்குக் கிடைப்பது இருபத்தைந்தில் ஒன்று. தெருவிளக்கு எரிகிற நாளில் இது வெளியே தெரியாமல் போகலாம். 2023இல் முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தினார்களே, தெருவே இருண்டு கிடந்த அந்த மாதிரி நாளில் கேமராவுக்கு அதன் சொந்த விளக்கை விட்டால் வேறு கதி இல்லை.

அகச்சிவப்பை விழுங்கும் தெளிவான பசை என்று ஒன்று வேண்டுமென்றே தயாராகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பசையே எதிரி என்று ஆகிவிடும். பழைய பிளாஸ்மா டிவி நினைவிருக்கிறதா? அதன் உள்ளே இருந்த செனான் வாயு 800 முதல் 1000 நானோமீட்டர் வரை அகச்சிவப்பைக் கக்கி ரிமோட்டுகளைக் குழப்பியது. அதைத் தடுக்கும் சாயங்களை முகப்பு ஃபில்டரின் அடுக்குகளில், சிலவற்றில் ஒட்டும் பசையிலேயே, கலந்தார்கள். சீசியம் கலந்த டங்ஸ்டன் ஆக்சைடு நுண்துகளையும் இதே வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள். கேமராவுக்குள் ஒளியை வாங்கிப் படமாக்கும் சிலிக்கான் சென்சார் ஏறத்தாழ 1100 நானோமீட்டர் வரை பார்க்கும். நம் கண்ணைப்போல் அது பார்க்க வேண்டிய இடத்தில், இரண்டு கண்ணாடிகளை ஒட்டுகிற பசையே அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டராகவும் வேலை செய்தால் ஓர் அடுக்கு மிச்சம். அருமையான சரக்கு, அதற்குரிய இடத்தில் இருந்தால்.

உரிய இடத்தில் இருந்ததைப் பிய்த்து எறிந்த கதையும் உண்டு. பக்கத்து ஊரான வெருலமிலிருந்து ஓர் அக்கா, விழாக்களில் படமெடுக்கும் கேமரா ஒன்றைக் கொண்டுவந்தார். காவடியன்று எடுத்த படத்தில் கறுப்புப் புடவை ஊதாவாகவும் வேப்பிலை வெளிறிப்போயும் இருந்தன. சென்சாருக்கு முன்னால் இருந்த வெளிர்நீலக் கண்ணாடியை, பழைய பசை ஏறி அழுக்காகிவிட்டது என்று, கேமராவைத் துடைத்துக் கொடுத்த பையன் பெயர்த்து எடுத்திருக்கிறான். அந்த நீலம்தான் ஃபில்டர், தம்பி. அழுக்கு இல்லை.

ஆகவே கெஞ்சிக் கேட்கிறேன். லென்சுக்கு முன்னாலும் இரவு விளக்குகளுக்கு முன்னாலும் எந்தப் பசையும், எந்த ஃபிலிமும் வேண்டாம். மூடியில் விரிசல் விழுந்தால் மூடியை மாற்றுங்கள். சூப்பர் குளூவைக் கேமராவின் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். விளிம்பில் தண்ணீர் கசிந்தால் ஓட்டை அடைக்கும் சிலிகான் பசை பூசலாம், ஆனால் புளிக்காடி வாசனை அடிப்பதை வாங்காதீர்கள், அந்த ஆவி உள்ளே இருக்கும் உலோகத்தை அரிக்கும். டர்பனின் ஈரக்காற்றில் மூடியைத் திறந்தால், ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைப் புதிதாகப் போட்டு மூடுங்கள்.

ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்கள் என்றால் சோதிக்க வழி இருக்கிறது. டிவி ரிமோட்டைக் கைபேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். பெரும்பாலான கைபேசிகளில் ரிமோட்டின் நுனி மினுக்குவது திரையில் தெரியும். பின்பக்கக் கேமராவில் பார்க்காதீர்கள், பலவற்றில் அங்கே ஃபில்டர் பலமாக இருக்கும். இப்போது அந்த ஃபிலிமை நடுவில் நீட்டுங்கள்.

பெரியவருக்கு இதைச் செய்து காட்டினேன். மினுக்கு அணைந்தது. எடுத்தேன், வந்தது. நீட்டினேன், போனது. மூன்றாம் தரம் என் கையிலிருந்து வாங்கி அவரே செய்து பார்த்தார். புது மூடி போட்டுக் கொடுத்துவிட்டு, அந்தத் துண்டைக் குப்பைக்கூடையில் எறியப்போனேன்.

"போடாதே தம்பி, கொடு. காரில் பின்ஜன்னல் ஒன்று பாக்கி இருக்கிறது" என்றார். கொடுத்துவிட்டேன்.